ஸ்மோலாந்துக் குதிரைவீரனின் வீடு

இஞ்சாருங்கோ,

உயிரோடு இருந்தபோது உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் எதற்குப் புதுப் பழக்கம்?

சாப்பாட்டு மேசை முழுவதும் வார்னிஷ் மணம். சனிக்கிழமை கண்காட்சியில் யாருடைய கையோ பட்டு ஒரு பொம்மைக் குதிரைவீரனின் கொடி ஓரம் உரசுப்பட்டுவிட்டது. அதைத் திருத்தி மேல்பூச்சுப் பூசிவிட்டு, இந்த நவம்பர்க் குளிரில் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த மணத்துக்காக எத்தனை தரம் உங்களோடு சண்டை பிடித்திருப்பேன். "மனுசர் சாப்பிடுற மேசை இது, குதிரை லாயமில்லை" என்று கத்துவேன். இப்போது பூசுகிறதும் நான்தான். கத்தத்தான் ஆளில்லை.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். செத்த வீடும் எட்டுச் செலவும் முடிந்து, ஆட்கள் கொண்டுவந்து குவித்த சாப்பாட்டுப் பெட்டிகளைக் கழுவித் திருப்பிக் கொடுத்து முடிக்க முன்னமே சுதன் கதையைத் தொடங்கிவிட்டான். "அம்மா, உந்த வீட்டைக் குடுத்திட்டு எங்களோட வாங்கோ. றிச்மண்ட் ஹில்லில பேஸ்மென்ற் சும்மாதான் கிடக்கு. பிள்ளையார் கோயிலும் கிட்ட. நீங்கள் தனிய இஞ்ச என்ன செய்யப் போறியள்?" பாசத்தில்தான் கேட்டான். உங்கள் மகன் கெட்டவன் இல்லை. ஆனால் கோயில் கிட்ட என்கிறவன் காரில் போகிறவன். இங்கே வெக்ஸ்போர்டில் நான் நடந்து போய்க் கருவேப்பிலை வாங்குவேன், பஸ் எடுத்து டொக்டரிடம் போவேன், தைக்கக் கொடுத்த சாரிச் சட்டையை வாங்க ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். அங்கே ஒரு கிழமை யாரும் தட்ட மாட்டார்கள். இதையெல்லாம் அவனுக்குச் சொல்லவில்லை. "பாப்பம்" என்றேன். எங்கள் ஆட்களுக்குப் 'பாப்பம்' என்றால் இல்லை என்று விளங்கும். இந்தக் கனடாவில் பிறந்தவன், அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு வீட்டு ஏஜென்றைக் கூட்டி வந்துவிட்டான்.

ஏஜென்ற் வந்தவர் முன்னறையில் நின்று, "முதல்ல உந்த அலுமாரியைக் கிளியர் பண்ண வேணும், அன்ரி" என்றார். உங்கள் கண்ணாடி அலுமாரியைத்தான். அதற்குள் ஸ்மோலாந்துக் குதிரைப்படை முழுவதும் அணிவகுத்து நிற்கிறது: நீலக் கோட்டு, மஞ்சள் கைமடிப்பு, உள்ளே மான்தோல் சட்டை, தலையில் மூன்று மூலைத் தொப்பி. ஒவ்வொன்றும் குதிரையோடு சேர்த்து என் சுண்டுவிரல் உயரம். இரண்டு குதிரைகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒண்டு ரெண்டை நினைவுக்கு வச்சிருங்கோ, மற்றதை அப்பான்ர பொம்மைப்படைக் கிளப்புக்குக் குடுப்பம்" என்றான் சுதன். குதிரைகளை அவன் கையிலிருந்து வாங்கித் திரும்ப உள்ளே வைத்தேன். எனக்கு வந்தது கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நீங்கள் ஏன் இதைத் தொடங்கினீர்கள் என்று ஆட்கள் கேட்டால் நான் ஒரே பதில்தான் சொல்வேன்: குளிருக்கு. சுவீடனில் அகதியாக இறங்கின முதல் வருசம், ஸ்மோலாந்தில் காட்டோரம் ஒரு சின்ன மரவீட்டில் உங்களையும் வேறு மூன்று பொடியன்களையும் விட்டிருந்தார்கள். செய்ய ஒன்றுமில்லை, வெளியே போகவும் ஏலாது. கதவுக்கு மேலே ஒரு பழைய பலகையில் ஓர் எண் இருந்தது. அது என்ன எண் என்று தேடப் போய் முப்பது வருசம் தேடினீர்கள். ஒரு காலத்தில் அது குதிரைவீரன் ஒருவனுக்குக் கொடுத்த வீடு என்று உங்களுக்குச் சொன்னது அந்த ஊர் மியூசியத்துக் கிழவர். அதோடு நீங்கள் அதற்குள்ளேயே போய்விட்டீர்கள். பிறகு கனடா வந்து, என்னைக் கட்டி, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்து, சுதனையும் வளர்த்து, மிச்ச நேரமெல்லாம் ஆயிரத்து எழுநூறுகளில்தான் இருந்தீர்கள்.

எனக்கு விளங்கப்படுத்தியது நன்றாக நினைவிருக்கிறது. தோசை மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்துக்கு மேலால் கத்தினீர்கள். "ராசா சம்பளம் குடுக்கிறேல்லையப்பா. ஒரு பண்ணை, ஒரு வீரன், ஒரு குதிரை. பண்ணைக்காரன்தான் குதிரையும் குடுத்து, உடுப்பும் குடுத்து, இருக்க ஒரு வீடும் குடுக்க வேணும். அதுக்குப் பதிலா அவனுக்கு வரி இல்லை." நல்ல உடுப்பு பண்ணைக்காரனின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்குமாம், அணிவகுப்புக்கு மட்டும்தான் எடுப்பார்களாம். எங்கட கூறைச் சாரி மாதிரி என்றேன். நீங்கள் அதைக் கிளப்பில் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பகுதியில் உள்ள பண்ணைகள் சேர்ந்தால் ஒரு கம்பனி, எட்டுக் கம்பனி சேர்ந்தால் ரெஜிமென்ட். அதனால் போரில் பக்கத்துக் குதிரையில் வருகிறவன் பக்கத்து வீட்டுக்காரன்தான்.

கொடி விசயத்தில்தான் நான் உள்ளே இழுபட்டேன். உங்கள் கை நடுங்கத் தொடங்கினது. கோட்டுக்கு நீலம் அடிக்கலாம், சிங்கத்துக்கு நாக்கு வரைய ஏலாது. ஒருநாள் தூரிகையை மேசையில் வைத்துவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "விடுங்கோ, நான் கீறுறன்" என்று வாங்கினேன். கல்யாணச் சட்டைக்கு மணி கோர்க்கிற கை, ஒரு சிங்கம் கீறாதா? முதல் கம்பனிக்கு மட்டும் வெள்ளைக் கொடி, அது ராசாவின் கொடி. மற்றதெல்லாம் மஞ்சள், நடுவில் சிவப்புச் சிங்கம், அதன் கையில் குறுக்கு வில். அதைக் கீறி முடித்து நிமிர்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது, நாங்கள் விட்டு வந்த நாட்டுக் கொடியிலும் ஒரு சிங்கம், கையில் வாளோடு. "இஞ்சாருங்கோ, உந்தச் சிங்கத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். அதைக் கொண்டந்து என்ர மேசையில வச்சு எனக்கே பெயின்ற் அடிக்கத் தந்திருக்கிறியளே" என்றேன். நீங்கள் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்தினீர்கள்.

அதைவிடப் பகிடி, என் அண்ணை வந்த நாள். தோசைக்குக் கூப்பிட்டிருந்தோம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் மேசையைக் கண்டார். காயப்போட்ட ஆறு சிங்கக் கொடி. "மச்சான், இது என்ன வேலை? உனக்கு மூளை கழண்டு போச்சோ?" என்று வாசலுக்கே திரும்பிப் போனார். நீங்கள் 'இது சுவீடன் கொடி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நீங்கள் சொன்னது, "அது வாள் இல்லை மச்சான், வில். வடிவாப் பாருங்கோ." பிறகு பண்ணை, வரி, கம்பனி, கோட்டுப் பொத்தான் என்று அவரை இருத்தி வைத்துச் சொல்லச் சொல்ல, கோபம் அலுப்பாகி, அலுப்புப் பசியாகி, மனுசன் பேசாமல் ஏழு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனார். இன்றைக்கும் என்னைக் கண்டால், "பிள்ளை, உந்த வில்லுப் பிடிச்ச சிங்கம் எப்பிடி இருக்கு?" என்றுதான் கேட்பார்.

ஆனால் நான் இப்போது எழுத வந்தது வேறொரு பின்னேரத்தைப் பற்றி. நீங்கள் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தீர்கள். நான் சும்மா கேட்டேன், "குதிரைவீரன் செத்தால் என்ன நடக்கும்?" "பண்ணைக்காரன் புது ஆளைப் பிடிக்க வேணும். இடம் காலியா இருக்கக் கூடாது." "அப்ப வீடு?" "புது ஆளுக்கு." "பெண்சாதி?" நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். "வெளிக்கிட வேணும்." "எங்க?" "அது தெரியேல்லை."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நானும் வீடு விட்டு வெளிக்கிட்டவள்தானே. "பொத்தான் பித்தளையோ ஈயமோ எண்டு தெரியும். கொடியில என்ன நிறம் எண்டு தெரியும். ஒரு மனுசி பிள்ளையளோட எங்க போனவள் எண்டு தெரியேல்லை. நல்ல படிப்பு." அன்று உங்களுக்குச் சோறு போட்டுவிட்டு நான் தனியே போய் இருந்தேன். நீங்கள் கோபிக்கவில்லை. அதற்குப் பிறகு பல நாள் அதையே தேடினீர்கள், சுவீடனுக்கு மின்னஞ்சல் எல்லாம் எழுதி. கடைசியில் ஒருநாள் சமையலறைக்கு வந்து, ஏதோ பரீட்சை மறுமொழி சொல்கிற மாதிரிச் சொன்னீர்கள்: சிலர் புதிதாக வந்த வீரனையே கட்டினார்கள். சிலர் காட்டோரம் குடில் போட்டார்கள். சிலர் பிள்ளைகளின் வீட்டில் ஒரு மூலையில் இருந்தார்கள். "இவ்வளவுதானப்பா கிடைச்சது" என்றீர்கள். உங்கள் முகம் வாடியிருந்தது. நான் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

புரட்டாதியில் உங்கள் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. நீங்கள் போக முன்னம் இங்கிலாந்துக்கு ஓடர் பண்ணின எட்டாவது கம்பனி. பெயின்ற் அடிக்காத வெறும் ஈயக் குதிரைகள். கதவடியிலேயே இருந்து அழுதேன், வெட்கமில்லாமல், பக்கத்து வீட்டுக்காரி பார்க்கப் பார்க்க. பிறகு உங்கள் கிளப் றொபேர்ட்டுக்குப் போன் அடித்தேன். அவர் வந்து கோட்டுக்கும் குதிரைக்கும் நிறம் அடித்தார், கொடியை நான் கீறினேன். நவம்பரில் இங்கே பக்கத்து அஜின்கோர்ட்டில் கிளப்பின் கண்காட்சி, அங்கே ரெஜிமென்ட் முழுவதையும் வைப்போம், அதற்குப் பிறகு பிரித்துக் கொடுப்போம் என்று பேச்சு. சுதனும் அது முடிய வீட்டை விற்கப் போடலாம் என்றான். நான் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், போகத்தான் இருந்தேன். மகனோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

கண்காட்சிக்கு றொபேர்ட் பெரிய பலகையில் ஸ்மோலாந்தையே செய்திருந்தார்: காடு, பண்ணை, பாதை, பாதையோரம் சிவப்பு நிறத்தில் குதிரைவீரனின் வீடு. கண்காட்சிக்கு முதல் நாள் அதைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார், குதிரைகளை நிறுத்திப் பார்க்க. நான் எல்லாவற்றையும் நிறுத்தினேன். வெள்ளைக் கொடி முன்னால், மற்றவை கம்பனி கம்பனியாக. வீடு மட்டும் வெறுமையாக நின்றது. எனக்கு அந்த வீட்டைப் பார்க்கவே ஏலாமல் இருந்தது. உங்கள் மேசை லாச்சிக்குள் பொம்மை செய்கிற அந்த இரண்டு நிறக் களி கிடந்தது, பிசைந்தால் பச்சையாகுமே, அது. கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி ஒரு சின்ன உருண்டை பிடித்து, இடுப்பு வைத்து, தலையில் ஒரு துண்டு வைத்து, காயவிட்டு, பாவாடைக்குப் பழுப்பு நிறம் அடித்தேன். அவளை வீட்டு வாசற்படியில் ஒட்டினேன். கையைக் கதவில் பிடித்தபடி.

சனிக்கிழமை றொபேர்ட் அவளைக் கண்டதும் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். "அழகாக இருக்கிறாள். ஆனால் இந்த வீட்டில் இருந்த எட்டாவது கம்பனிக்காரன் செத்து, வீடு புது ஆளுக்குப் போய்விட்டது என்றுதான் இந்தக் காட்சியை நாங்கள் வைத்திருக்கிறோம். வரலாற்றின்படி இவள் இங்கே இருக்க முடியாது. நடுவர்கள் கேட்பார்கள்." பகிடிக்கல்ல, உண்மையாகவே கவலைப்பட்டார். பொத்தான் நிறம் பிழைத்தால் நித்திரை கொள்ளாத ஆட்கள் அல்லவா நீங்களெல்லாம்.

சுதனும் மருமகளும் அப்போதுதான் வந்து நின்றார்கள். சுதன் பலகையைப் பார்த்து, யார் அந்தப் பொம்பிளை என்று றொபேர்ட்டைக் கேட்டான். அவர் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார்: வீரன் செத்தால் வீடு போகும், மனைவி பிள்ளையின் வீட்டு மூலைக்குப் போவாள். உங்களிடமிருந்துதான் கேட்டிருப்பார், நீங்கள் சொன்னபடியே சொன்னார். சுதன் அந்த வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் றொபேர்ட்டிடம் சொன்னேன், எனக்குத் தெரிந்த இங்கிலீசில், "அவள் போகமாட்டாள். அவளை எடுத்தால் கொடியெல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போவேன். கொடி என்னுடையது." றொபேர்ட் என்னைப் பார்த்தார், பிறகு சுதனைப் பார்த்தார், தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, "சரி, இருக்கட்டும்" என்றார். பரிசு கிடைக்கவில்லை. நடுவர் தாளில் அவளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாராம். நான் வாசிக்கவில்லை.

ரெஜிமென்ட் பிரியவில்லை. றொபேர்ட்டே காரில் ஏற்றிக்கொண்டுவந்து அலுமாரியில் பழையபடி நிறுத்தினார். வருகிற வருசம் டிரகூன் என்று இன்னொரு குதிரைப்படை செய்யப் போகிறார்களாம், அந்தக் கொடிகளுக்கு இரண்டு வால், ஒருவரும் சரியாக வெட்டுவதில்லை, நான் செய்ய வேண்டுமாம். ஓம் என்றுவிட்டேன். கிரைண்டர் சத்தத்துக்கு மேலால் நீங்கள் கத்தினதெல்லாம் எனக்குள் கிடக்கிறது. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அன்று மருமகள் தன் காரில் போய்விட, என்னைச் சுதன்தான் வீட்டுக்கு ஏற்றி வந்தான். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. வழியில் ரேடியோவைக்கூடப் போடவில்லை. லோரன்ஸ் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தபோது, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"அம்மா, அப்ப நீங்கள் வரேல்லையோ?"

"இல்லையப்பு. வரேல்லை."

"நான் உங்களை மூலையில வைக்க நினைக்கேல்லையம்மா."

"தெரியும் ராசா."

அவன் கண்ணைத் துடைத்தான். நானும் துடைத்தேன். பின்னால் வந்தவன் ஹோர்ண் அடித்தான், விளக்குப் பச்சையாகிவிட்டது.

வாசலில் இறக்கிவிட்டு, கண்ணாடியை இறக்கி, "உள்ள போய் லைற்றைப் போடுங்கோ. பாத்திட்டுத்தான் போவன்" என்றான். கதவைத் திறந்தேன். நீங்கள் இல்லாத வீடு. உள்ளே போய், ஒவ்வோர் அறையாக எல்லா லைற்றையும் போட்டேன்.