முப்பத்து மூன்றுக்குப் பிறகு

இன்று காலை புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். பாலமுனையிலிருந்து உங்கள் கூடப்பிறந்த ராத்தா அனுப்பிய புளி. கொட்டைகளைச் சுளகில் ஒதுக்கத்தான் கை போனது. பார்த்தால் ஒன்று, அதன் கீழ் இரண்டு, அதன் கீழ் மூன்று என்று அடுக்கி வைத்திருக்கிறேன். உங்கள் பைத்தியம் எனக்கும் தொற்றிவிட்டது.

வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிற மேசன் நீங்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் எண் என்று வந்துவிட்டால் முன்னால் இருக்கிற சோறு ஆறிப்போகும். முக்கோணமாக அடுக்கக்கூடிய எண்கள் ஒன்று, மூன்று, ஆறு, பத்து, பதினைந்து என்று போகும் என்பதைக் கல்யாணமான புதிதில், இதே புளியங்கொட்டையை வைத்துத்தான் காட்டினீர்கள்.

"வேற வேற முக்கோணங்களக் கூட்டினா எந்த எண்ணும் வரும் புள்ள. ஆறே ஆறு எண்தான் வராது. அதுல கடைசி முப்பத்தி மூண்டு. அதுக்குப் பொறகு வராதது ஒண்டும் இல்ல" என்றீர்கள்.

தொழுதபின் தஸ்பீஹ் ஓதுகிற எண்ணாயிற்றே, அது எப்படி வராமல் போகும்? எனக்குக் கோபமே வந்தது. விரல் வரைகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். "கையில ஒரு சுத்து பதினஞ்சு, இன்னொரு சுத்து பதினஞ்சு, பொறகு மூண்டு. வந்திட்டுதே!"

சிரித்தீர்கள். "ஒரே ஆள ரெண்டு தரம் கூப்பிட ஏலாது புள்ள."

தோற்றதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பத்து மூன்றைவிடப் பெரிதாக, வராத எண் ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டுவேன் என்று சவால் விட்டேன். இருபத்தாறு வருடமாக, வேலைக்குப் புறப்படும்போது கேட்பீர்கள்: "என்ன, கெடச்சதா?" மவுத்தான அன்று காலையிலும் கேட்டீர்கள். "கெடைக்கும், கெடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே, உங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டேன்.

உங்களை அடக்கியபின், நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இத்தாவில் இருந்தபோதுதான் உண்மையாகத் தேடத் தொடங்கினேன். வந்த பெண்கள் ஓதிவிட்டுப் போவார்கள். அதன்பின் வீட்டில் சத்தமே இருக்காது. அஸர் தொழுதுவிட்டு ஒரு கொப்பியில் எழுதிப் பார்ப்பேன், ஒரு நாளைக்கு ஓர் எண். முப்பத்து நான்கு வந்தது, இருபத்தெட்டும் ஆறும். ஐம்பத்தேழு வந்தது, முப்பத்தாறும் இருபத்தொன்றும். ஒன்றாவது வராமல் போகட்டும் யா அல்லாஹ் என்று கேட்டேன். எண்ணுக்காகக் கேட்ட துஆ எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றாம் மாதம் நூற்றொன்றுக்கு வந்தேன். அறுபத்தாறைக் கழித்தேன், மிச்சம் முப்பத்தைந்து. அது முன்பே வந்த எண். அப்போதுதான் விளங்கியது. பெரிய முக்கோணம் ஒன்றைப் பார்த்துக் கழித்தால் மிச்சம் எப்போதும் ஏற்கெனவே வந்த ஓர் எண்ணில் போய் நிற்கும். இனி எவ்வளவு தூரம் போனாலும் வரும். கொப்பியை மூடிவிட்டு அழுதேன். நீங்கள் சொன்னது சரி. இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூட இதை உங்களிடம் நான் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் ஆளில்லை. மறுத்துக் கதைக்க ஆளில்லாத வீடு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நேற்று மகள் கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். "வாப்பா சொன்னது சரிதானா உம்மா?"

ஓம் என்று வாய்வரை வந்தது.

"இன்னும் தேடுறன் மகள்" என்றேன்.