வாளிக்குள் கடற்பஞ்சு

என் கடல்காரிக்கு,

நானும் நம் வாண்டும் நலம். நீயும் உன் கடற்பஞ்சுகளும் எப்படி?

தீவிலிருந்து வந்த சாமான் படகில் உன் கடிதம் கிடைத்தது. ஆராய்ச்சி நிலையத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு வருகிறேன். முதலில் நம் வீட்டுக் கூத்தைக் கேள்.

உன் கடிதத்தை மகளுக்கு வாசித்துக் காட்டியதுதான் வினை. ஒரு சின்னக் கடற்பஞ்சு கூட ஒரே நாளில் பீப்பாய்க் கணக்கில் தண்ணீரை உள்ளே இழுக்கும், இந்த வாரம் சிலவற்றை மேலே எடுத்துவந்தோம் என்று எழுதியிருந்தாய். மோட்டார் இல்லாமல் இப்படி ஒரு பம்பா, இது ஊருக்குள் வந்தால் இந்தப் பம்பு மெக்கானிக் பிழைப்பில் மண்தான் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் காணோம். அடுத்து, குளியலறைப் பஞ்சு. அப்புறம் என் பட்டறை நாற்காலி மெத்தைக்குள் இருந்த பஞ்சும் போயிற்று. உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, இடுப்பு இன்னும் வலிக்கிறது. தேடிப்போனால், தெருமுனைக் கடல்சுவருக்குக் கீழே எல்லாம் கல் வைத்து வரிசையாகக் கிடக்கின்றன. நீ எடுத்ததற்குப் பதிலாக இவள் வைத்திருக்கிறாளாம்! கடல் மட்டம் ஏறுகிறது என்று டீச்சர் சொன்னாராம். அந்தத் தண்ணீரைப் பஞ்சுகள்தான் குடித்து அடக்கிவைத்திருக்கின்றன என்று இவளாக முடிவு கட்டிவிட்டாள். "அம்மா இப்படியே எடுத்துக்கிட்டிருந்தா நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வந்துடும்பா" என்று ஒரே அழுகை. தெருவெல்லாம் வேறு சொல்லிவைத்திருக்கிறாள். பேப்பர் போடுகிறவர் என்னைப் பார்த்து, வீட்டம்மா கடலை எப்போது தெருவுக்குள் விடப்போகிறார்கள் என்று கேட்கிறார்.

சொல்லிப் புரியவைக்க எனக்குச் சாமர்த்தியம் போதாது. நீ அலமாரியில் விட்டுப்போன காய்ந்த கடற்பஞ்சை எடுத்தேன். வாளியில் தண்ணீர் நின்ற இடத்தில் அவளே நெயில் பாலிஷால் கோடு போட்டாள். (உன்னுடையதுதான், கோபிக்காதே.) பஞ்சை அமுக்கி முக்கினோம். வயிறு முட்டக் குடித்தது. தண்ணீர் இறங்கும் என்று கண்கொட்டாமல் பார்த்தாள். இறங்கவில்லை, கோட்டுக்கு ஒரு நூல் மேலேதான் நின்றது. குடித்த தண்ணீரும் வாளிக்குள்தானே இருக்கிறது, எங்கே போகும்? கடலிலும் அப்படித்தான், உள்ளே இழுத்து, இரையை வைத்துக்கொண்டு, தண்ணீரை வெளியே விட்டுவிடும், அம்மா நாலு பஞ்சு எடுப்பதால் கடல் ஏறிவிடாது என்றேன். அவளுக்கு உயிர் வந்தது.

பிறகு அவளாகவே அந்தக் கனத்த பஞ்சை வாளியிலிருந்து தூக்கினாள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கிவிட்டது. கையில் இருந்ததையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். மெல்லத் திரும்ப உள்ளே வைத்தாள். பழையபடி ஏறியது. அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். நீ இல்லாத நம் வீடு எனக்கு ஞாபகம் வந்தது. அடுப்பைப் பார்க்கிற சாக்கில் நான் எழுந்துபோய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த வேலைக்காக நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால், இரு. வீடு ஒன்றும் மூழ்கிவிடாது. சமையல் கைக்கு வந்துவிட்டது, உப்பு மட்டும் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன்னை நினைக்காத வேளை கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

காது வலி என்று எழுதியிருந்தாயே. அது சரியாகாமல் தண்ணீருக்குள் இறங்காதே.

வாண்டு உனக்கு ஒன்று எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அம்மா, எடுத்துப் பாத்துட்டு, எங்க இருந்துச்சோ அங்கயே கொண்டுவந்து வெச்சுடு."

அவள் பேச்சைக் கேள்.

என்றும்
உன்னவன்