யாருக்கென்று சொல்லாமல் தின்ற கீரை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பியும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், என்ன கோபம் இருந்தாலும் அந்த நினைப்பில் குறை இல்லை. கடையில் பள்ளிச் சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது, கழுத்தை நிமிர்த்த நேரமில்லை. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் உன் விஷயத்தையும் என்னிடம் உளறிவிட்டான்.

ஆபீஸில் ரத்ததான முகாம், என்ன சாப்பிட்டுவிட்டுப் போகணும்மா என்று கேட்டாயே, வருஷா வருஷம் கொடுக்கிறவள் என்று என்னைக் கேட்கிறாயே என எவ்வளவு பூரித்தேன் தெரியுமா. முந்தின நாளே தண்ணீர் நிறையக் குடி, கீரையும் பருப்பும் சேர்த்துக்கொள், கூடவே ஒரு ஆரஞ்சு தின்னு, சாப்பாட்டோடு டீ குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது, எண்ணெயில் பொரித்ததைத் தொடாதே, வெறும் வயிற்றோடு மட்டும் போய்விடாதே என்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னதில் ஒரு சட்டைக்கையைக் கோணலாக வெட்டி முதலாளியிடம் திட்டும் வாங்கினேன். மறுநாள் காலையில் நீ முட்டை உரித்துத் தின்று, இரண்டாவது டம்ளர் தண்ணீரையும் குடித்துக் காட்டும்வரை நான் போனை வைக்கவில்லை. அத்தனையும் நம்மை நடுத்தெருவில் விட்டுவிட்டு இன்னொரு வீட்டுக்குக் குடிபோன உன் அப்பாவின் ஆபரேஷனுக்காகவா? சின்ன வயதில் நீ ஜுரத்தில் கிடந்தபோது ஆள்மேல் ஆள் அனுப்பியும் எட்டிப் பார்க்காத மனுஷர் அவர். கொடுத்தது தப்பென்று நான் சொல்லவில்லை, பெற்றவர், உயிர்ப் பிரச்சினை. ஆனால் தம்பிக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், அந்த வீட்டுக்காரிக்கும் தெரியும், எனக்கு மட்டும் முகாமா? நான் என்ன கிள்ளுக்கீரையா? அம்மாகிட்ட சொன்னா தாங்கமாட்டா என்றாயாம். இத்தனை வருஷம் தாங்கியது வேறு யாராம்? நீ என்னை ஏமாற்றிவிட்டாய், அதுதான் வயிறு எரிகிறது.

அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தலை சுற்றல் ஏதும் இல்லையே, ஊசி குத்திய இடம் ஆறிவிட்டதா, அதை எழுது. கீரையை நிறுத்தாதே. இன்னும் ரத்தம் வேண்டும் என்றால் உடனே கையை நீட்டிவிடாதே, சில மாதம் போகட்டும். நோய்நொடி இல்லாமல் நீ நன்றாயிருக்க வேண்டும், அதற்குமேல் எனக்கு வேறு ஆசை கிடையாது.

ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வை. என் ரத்தமும் அதே வகைதான், அது அவருக்கும் தெரியும். பத்தவில்லை என்று என்னைக் கேட்டுவிடாதே. கேட்டால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு அங்கே வந்து நிற்பேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா