ஜவ்வரிசிக் களத்தில் உங்கள் முகம்

ஏனுங்க, காலையில் கேமராவைத் துடைக்க எடுத்தேன். மேலே இருக்கும் சின்னச் சக்கரத்தின் இடுக்குகளில் இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, நம் களத்து ஜவ்வரிசித் தூசி. துடைக்க மனம் வரவில்லை. துணியை மடித்துத் திரும்ப வைத்துவிட்டேன்.

மகள் இதை வாங்கித் தந்த அன்று, இந்த வயதில் இவளுக்குக் கேமராவா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் யோசனையே வேறு. "மொதல்ல நம்ம சரக்க எடு புள்ள" என்று நேரே களத்துக்குக் கூட்டிப் போனீர்கள். உச்சி வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஜவ்வரிசியைப் பார்க்கவே கண் கூசியது. ஆனால் படத்தில் எல்லாம் சாம்பல் நிறம். "எஞ்சரக்க ஏம் புள்ள இப்படி அழுக்காக்கிப்போட்ட?" என்றீர்கள்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சரக்குப் பார்க்க வரும் தரகர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, "இன்னுஞ் சித்த வெளுப்பு வேணுமுங்க" என்பார். வருஷக் கணக்காக அதே பேச்சு. அவர் வந்துபோன நாளில் உங்களுக்குச் சோறு இறங்காது.

கைப்பேசியில் ஒரு காணொளியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. கேமராவுக்கு எல்லாமே நடுத்தர வெளிச்சத்தில் இருக்க வேண்டும். பளீரென்ற வெள்ளையைக் கண்டால் மிரண்டுபோய் எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். நாம்தான் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சின்னச் சக்கரத்தை ப்ளஸ் பக்கம் திருப்பி, பயப்படாதே, அது வெள்ளைதான் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் திருப்பினேன். ஜவ்வரிசி மணி மணியாக, வெள்ளையாக விழுந்தது. உங்களுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

எனக்குத்தான் இல்லை. நடுவில் நின்ற உங்கள் முகம் கருப்பாகவே இருந்தது. இன்னும் திருப்பினால் முகம் தெளியும், மணிகள் கரைந்துபோகும். "மொகம் கெடக்குது, இத்தன வருசமா பாக்காத மொகமா? சரக்கு தெரியோணும்" என்று என் வாயை அடைத்துவிடுவீர்கள். பிடிவாதத்தில் உங்களை மிஞ்ச ஆள் ஏது?

ஒருநாள் வாசல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்ற பேத்தியை எடுக்கச் சக்கரத்தை ப்ளஸ்ஸின் கடைசிவரை திருப்பியிருந்தேன். திரும்ப வைக்க மறந்து, அப்படியே களத்துக்கு வந்துவிட்டேன். "ஏனுங்க, சித்த நிமுந்து பாருங்க" என்றதும் நிமிர்ந்தீர்கள், என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். படத்தில் களமே இல்லை, ஒரே வெள்ளை. அதன் நடுவில் உங்கள் முகம், கன்னத்து மச்சம்வரை தெளிவாக. எட்டிப் பார்த்துவிட்டு, "சரக்கே தெரியல, அழிச்சுப்போடு" என்றீர்கள். "சரிங்க" என்றேன். உங்கள் பேச்சைக் கேட்கிறவளா நான்?

உங்கள் காரியத்துக்குப் படம் கேட்டபோது மகள் எல்லாவற்றையும் அலசினாள். எல்லாவற்றிலும் சரக்கு அருமையாக இருந்தது, நீங்கள் இருட்டில் இருந்தீர்கள். அந்த ஒன்றைத் தவிர. அதைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

இப்போது நான் யாரை எடுத்தாலும் முகத்துக்குத்தான் சக்கரத்தைத் திருப்புகிறேன். பின்னால் இருப்பது கரைந்தால் கரையட்டும்.

போன வாரம் துக்கம் கேட்க அந்தத் தரகர் வந்திருந்தார். வெளியூரில் இருந்ததால் தாமதமாகிவிட்டதாம். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "ஸ்டுடியோவுல எடுத்ததுங்களா?"

"இல்லீங்க, நம்ம களத்துல. அவருக்குப் பின்னால இருக்கறது பூராவும் அவரு சரக்குத்தான்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"அடேங்கப்பா, என்னா வெளுப்புங்க" என்றார்.

உங்களுக்குக் கேட்டதா?