சத்தியத்தில் தேன் இல்லை

பள்ளிமுனை,
12.01.2025

அப்பாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி வெட்டிவிட்டேன். அம்மாவின் ஃபோனில் இதைப் பேச முடியாது, அதனால்தான் கடிதம்.

நேற்று பஸ் ஸ்ராண்டில் பிரசாந்தன் மாமா என்னைக் கண்டு, உங்களைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். “கொப்பர் முருங்கனில தன்ர அறையில தேனில வைன் வைக்கிறார். மூண்டு கிளாஸ் குடிச்சிட்டு, வேலை செய்யிற அரிசி மில் வாசலில படுத்திட்டார். நீதானாம் வாத்தியார்!” என்றார்.

நவம்பரில் தேன், தண்ணீர், ஈஸ்ட் அளவெல்லாம் கேட்டபோது, என் விஞ்ஞானக் கண்காட்சிக்குச் செய்து பார்ப்பதாகச் சொன்னீர்கள். நானும் நூலகப் புத்தகத்தைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். வெட்கமாக இருக்கிறது.

சாராயம், கள்ளு, பியர் தொடமாட்டேன் என்று மடு மாதாவுக்கு முன் நீங்கள் சத்தியம் செய்தபோது மெழுகுதிரி பிடித்தவள் நான். அதை நம்பித்தான் உயிர்த்த ஞாயிறுக்கு நீங்கள் வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்று அம்மா சொன்னா.

யசிந்தா


முருங்கன்,
17.01.2025

என்ர மகள் யசிந்தாவுக்கு,

சுகமா? உன்ர மாமன் வாய்க்கு வந்ததைச் சொல்லுவான். வெக்கைக்குத்தான் வாசலில படுத்தனான். நான் சாராயம் தொட்டனானா? கள்ளு? பியர்? சத்தியத்தில தேன் இல்லை, மகள். வேணுமெண்டால் சுவாமியாரிட்டக் கேள். தரம் பத்துப் படிக்கிற பிள்ளை தகப்பனுக்கு ஞானோபதேசம் படிப்பிக்க வேண்டாம்.

மிச்சத் தேனில நுரை அடங்கிப்போச்சு. இனி என்ன செய்யிறது? புத்தகத்தைப் பார்த்து எழுது. கொம்மாவிட்ட மூச்சு விடாதை.

அப்பா


பள்ளிமுனை,
21.01.2025

அப்பாவுக்கு,

எல்லாவற்றையும் அகன்ற வாய்ப் பானையில் ஊற்றுங்கோ. மூடி வேண்டாம், மெல்லிய துணி கட்டுங்கோ. வெக்கையான மூலையில் வைத்துத் தினமும் கிளறுங்கோ. சின்ன ஈக்கள் வந்தால் கலைக்காதேங்கோ. ஏழு கிழமைக்கு ருசி பார்க்கக் கூடாது.

நிலத்தில் ஊற்றிவிடுவதென்றால் இது ஒன்றும் தேவையில்லை. ‘ஊற்றிவிட்டேன்’ என்று ஒரு வரி எழுதுங்கோ. அம்மாவிடம் சொல்லவே மாட்டேன்.

யசிந்தா


முருங்கன்,
12.03.2025

யசிந்தா,

ஏழு கிழமை நாய் மாதிரிக் காவல் இருந்தனான். நேற்று ஒரு கிளாஸை வாயில விட்டால் தொண்டை எரிஞ்சுபோச்சு. ஒரே புளி! அவ்வளவு காட்டுத் தேனும் நாசம். பெரிய படிப்புக்காரி, புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடிச்சோ வாசிச்சனி? மில்லில எல்லாரும் சிரிக்கிறாங்கள்.

சந்தியோகு


பள்ளிமுனை,
16.03.2025

அப்பாவுக்கு,

நேராகப் பிடித்துத்தான் வாசித்தேன். வைனுக்கு அடுத்த அத்தியாயம், அதைக் காற்றுப்பட வைத்துப் புளிக்காடியாக்கும் வினாகிரி. ஜனவரியில் எழுதியது அதைத்தான். வினாகிரியும் உங்கள் சத்தியத்தில் இல்லை, பயப்படாமல் குடிக்கலாம்.

அந்த ஒரு வரிக்காக ஏழு கிழமையும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று உங்கள் கடிதங்களை அம்மாவிடம் கொடுத்தேன். அவ கத்தவில்லை. அலுமாரியில் உங்கள் உடுப்புக்கென்று ஒதுக்கி வைத்த தட்டில் என் புத்தகங்களை அடுக்கச் சொன்னா. அடுக்கிவிட்டேன்.

உயிர்த்த ஞாயிறுப் பெருநாள் அச்சாறுக்கு அம்மாவுக்கு வினாகிரி வேணுமாம். போத்தல்களில் விட்டு மன்னார் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கோ. அது மட்டும் வந்தால் போதும்.

யசிந்தா