கடல் மணலில் கோர் கட்டச் சொன்ன மேஸ்திரியைக் கப்பலேற விடாதிருக்க மனு

அனுப்புநர்:
ச. குழந்தைவேலு,
ஹேடோ, போர்ட் பிளேர்.

பெறுநர்:
துணை ஆணையர் அவர்கள்,
போர்ட் பிளேர்.

பொருள்: என் மகன் பன்னீர்செல்வத்தின் சாவுக்குக் காரணமான மேஸ்திரி பக்தவத்சலத்தை, அவர் மெயின்லேண்டுக்குப் போகுமுன் விசாரிக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் செத்தது, பங்களாதேஷ் சண்டைக்காக ஊரே விளக்கணைத்துக் கிடந்த 1971-ஆம் வருஷம். மெட்ராஸ் கப்பல் வரவில்லை. அதனால் எங்கள் வார்ப்புப் பட்டறைக்கு ஆற்று மணலும் வரவில்லை.

2. அங்கே மணலில் பிசினும் அமிலமும் கலந்து அச்சு கட்டுவார்கள். நெருப்பில்லாமலே கல்லாக இறுகும். வார்ப்புக்குள் துவாரம் விழ வைக்கும் மணற்கட்டிதான் கோர். பக்தவத்சலம் கடற்கரை மணலை அள்ளிவரச் செய்தார். இந்தத் தீவு மணலில் பாதி சிப்பியும் பவளமும் என்பது ஐயா அறியாததல்ல. அமிலம் பட்டதும் சோடா போல நுரைத்தது. கோர் இறுகவில்லை, தொட்டால் உதிர்ந்தது.

3. நான் பட்டறை வாசலில் கரி உடைத்துக்கொண்டிருந்தேன். என் காதுபட என் மகன், "மேஸ்திரி, இது நிக்காது. இரும்பைத் திருப்பி அடிச்சிரும்" என்றான். அதற்கு அவர், "சலேகா, சலேகா, இதுவே போதும். பயமா இருந்தா உங்கப்பனோட போய்க் கரி உடைடா" என்றார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே என் மகன் உருக்கிய இரும்பு வாளியைப் பிடித்தான். மறுபக்கம் அவனோடு வேலை செய்த மீரான் பிடித்தான்.

4. இரும்பு உள்ளே போனதும் கோர் நொறுங்கியது. ஊற்றியதெல்லாம் மேலே பீறிட்டது. மேஸ்திரி தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். பயமில்லாதவருக்குத் தூண் எதற்கு என்று ஐயா கேட்க வேண்டும்.

5. அப்போது நடந்த விசாரணையில், "பையன் மணலை நனையவிட்டான்" என்று சொல்லிவிட்டார். மணல் கலந்த ஜெய்னுதீனையும் அப்படியே சொல்ல வைத்தார். வெந்து செத்தவன் மேலேயே பழி போட்டார்கள்.

6. வரும் கப்பலில் அவர் ஓய்வுபெற்று மாலை மரியாதையோடு ஊர் போகிறாராம். எனக்கு நஷ்டஈடு வேண்டாம். அன்று அச்சில் வைக்காமல் மிஞ்சிய கோர் ஒன்றைத் துணியில் கட்டி இத்துடன் வைத்துள்ளேன். தங்கள் முன் அவரே அதைத் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு அதே மணலில் ஒரு கோர் கட்டி, வாளியின் ஒரு பக்கம் அவர் பிடிக்கட்டும். மறுபக்கம் நான் பிடிக்கிறேன்.

கப்பல் சங்கு ஊதுமுன் தாங்கள் உத்தரவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் இந்த மனுவே வீண்.

இடம்: ஹேடோ
நாள்: 9.11.1978

குழந்தைவேலு (இடது பெருவிரல் ரேகை)
அவர் சொல்லச் சொல்ல எழுதியது: ஹபீப் முகம்மது, கடைக்காரர்

சாட்சிகள்: அன்று கொட்டகைக்குள் நின்றவர்களில் மீரான் என் மகனோடு போய்விட்டான். ஜெய்னுதீன் போன மழையில் இறந்தான். இன்னும் உயிரோடிருப்பவர், பக்தவத்சலம்.