அழிக்கப்பட்டதாகப் பதியப்பட்ட, இன்னும் உயிரோடு நிற்கும் என் பசு

அனுப்புநர்:
திருமதி குணலட்சுமி சீவரத்தினம்,
கால்நடை வளர்ப்பாளர்,
நாவலடிப்புலம் வடக்கு,
அச்சுவேலி வழி.

பெறுநர்:
உதவிப் பணிப்பாளர் அவர்கள்,
கதிர்வீச்சு அவசர ஆயத்தப் பிரிவு,
கிளை அலுவலகம்,
யாழ்ப்பாணம்.

விடயம்: 18.06.2025 அன்று நடந்த அணு விபத்து ஒத்திகையில் பிடித்துச் செல்லப்பட்ட எனது பசுவை விடுவித்தலும், அவசரத் திட்டத்தில் கால்நடைகளுக்கு இடமளித்தலும்.

தங்கள் கடிதம்: க.அ.ஆ/கா/114, திகதி 23.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

ஒத்திகையின்போது அறிவுறுத்தலை மீறி மாட்டை அவிழ்த்துவிட்டது ஏன் என்று பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தரும்படி தங்கள் கடிதம் என்னைக் கேட்கிறது. தருகிறேன். அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அந்த மாடு "அழிக்கப்பட்டது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாட்டை நேற்றுப் பின்னேரமும் நான் கண்ணால் கண்டேன். என்னைக் கண்டதும் கத்தியது. ஆகவே எனது விளக்கத்தோடு தங்கள் விளக்கத்தையும் கேட்டு இம்மனுவை எழுதுகிறேன்.

1. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கணவர் இல்லை. மூன்று மாடுகள் வைத்திருக்கிறேன். அவற்றில் கறவையில் நிற்பது சுட்டி ஒன்றுதான். நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள சிவப்புப் பசு, ஜேர்சிக் கலப்பு, மூன்றாம் ஈற்று. ஒத்திகை நாளன்று அதன் நாகு கன்றுக்கு நாற்பது நாள். சுட்டியின் பால்தான் என் சீவியம். இதைத் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஒரு ஊரை இருபது நிமிடத்தில் காலிசெய்யத் திட்டம் போடுகிறவர்கள் அந்த ஊர் எதனால் சீவிக்கிறது என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.

2. கடலுக்கு அப்பால் உள்ள அணு மின் நிலையத்தில் விபத்து நேர்ந்து, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அந்த நஞ்சை எம் பக்கம் கொண்டுவந்தால் என்ன செய்வது என்று பழகத்தான் இந்த ஒத்திகை என்றார்கள். நல்லது. வேண்டாமென்று ஊரில் எவரும் சொல்லவில்லை. ஒரு கிழமைக்கு முன்னரே வீட்டுக்கு வீடு துண்டுப்பிரசுரமும் தந்தார்கள். அதில் "கால்நடைகள்" என்ற தலைப்பின் கீழ் நான்கு வரிகள் உள்ளன. கொட்டிலின் கதவுகளையும் யன்னல்களையும் இறுக்கமாக மூடவும். காற்றாடிகளை நிறுத்தவும். களஞ்சியத்தில் உள்ள தீவனத்தை மட்டும் கொடுக்கவும். குழாய் நீரை மட்டும் பயன்படுத்தவும். பக்கத்தில் ஒரு படம்: சிவப்புப் பலகை அடித்த பெரிய வீடொன்று, அதற்குள் கொழுத்த மாடொன்று, பின்னால் பனி மூடிய மலை.

ஐயா, என் கொட்டில் நான்கு பனங்குற்றியும் மேலே தென்னோலைக் கிடுகும். மூடுவதற்குக் கதவும் இல்லை, கதவு பூட்டச் சுவரும் இல்லை. காற்றாடியாகப்பட்டது சோளகம், அதை நிறுத்தும் சுவிட்சு தங்கள் அலுவலகத்தில் இருந்தால் அறியத் தரவும். என் களஞ்சியம் வெளியில் நிற்கும் வைக்கோற்போரும் வேலிப் பூவரசும். தண்ணீர் வாய் திறந்த கிணற்றில். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். தாங்கள் தந்தது எங்கள் ஏட்டுச் சுரைக்காய்கூட இல்லை; பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டு ஏட்டிலிருந்து கிள்ளி வந்தது.

3. 18ஆம் திகதி புதன்கிழமை காலை ஒன்பதரைக்குச் சைரன் ஊதியது. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கைக்குள் வந்து, எல்லோரும் இருபது நிமிடத்தில் வெளியேறிப் பாடசாலையடியில் நிற்கும் பேருந்துகளில் ஏறவும், கால்நடைகளை உள்ள இடத்திலேயே விடவும் என்று அறிவித்தது. நான் அடையாள அட்டையை எடுத்தேன். அடுப்பை அணைத்தேன். பிறகு கொட்டிலுக்குப் போய் மூன்று மாடுகளையும் அவிழ்த்தேன். கன்றையும் அவிழ்த்தேன். படலையைத் திறந்து வைத்துவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன்.

நான் மட்டுமல்ல. அந்த இருபது நிமிடத்தில் நாவலடிப்புலத்தில் நாற்பத்து மூன்று மாடுகள் அவிழ்க்கப்பட்டன. ஆடுகளை யாரும் எண்ணவில்லை. ஒருவரோடொருவர் பேசி வைத்துச் செய்த காரியமல்ல இது. பேருந்தில் ஏறி உட்கார்ந்து, யன்னலால் பார்த்தபோதுதான் ஊர் முழுக்க அதையே செய்திருப்பது எங்களுக்கே தெரிந்தது. சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4. இதுவே தாங்கள் கேட்ட விளக்கம்.

1995ஆம் ஆண்டு ஐப்பசியில், யுத்தத்துக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் கொட்டிலில் ஒரு கறுப்பிப் பசு சினையாக நின்றது. என் தகப்பனார் சிவக்கொழுந்து கயிற்றில் கை வைத்தார். பிறகு கையை எடுத்தார். "நாளைக்கு வந்திடுவம். கட்டியே கிடக்கட்டும். அவிட்டு விட்டால் பிறகு ஆர் தேடித் திரியிறது" என்றார். ஒரு கடகம் வைக்கோலும் ஒரு வாளி தண்ணீரும் வைத்தார். நாங்கள் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வந்தது ஆறு மாதம் கழித்து.

கயிறு கட்டையிலேயே இருந்தது. மறு நுனியில் எலும்பு கிடந்தது. கட்டையைச் சுற்றிக் கயிறு எட்டிய தூரம்வரை நிலம் கிண்டப்பட்டிருந்தது. அவிழ்த்து விட்டவர்களின் மாடுகள் சில அந்த ஆறு மாதமும் குளத்தடியில் மேய்ந்து, எலும்பும் தோலுமாகவேனும் உயிரோடு நின்றன. என் தகப்பனார் அதன் பிறகு மாடு வளர்க்கவில்லை, பாலும் குடிக்கவில்லை. ஊரில் இப்படி ஒரு கயிறு எங்கள் வீட்டில் மட்டும் இருக்கவில்லை.

அன்றுதொட்டு எங்கள் ஊரில் எவரும் சொல்லித் தராத ஒரு சட்டம் உண்டு. வீட்டை விட்டு ஓடுவதென்றால் முதலில் கயிற்றை அவிழ். பிறகு கதவைப் பூட்டு. ஒத்திகை என்பது காதுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. தங்கள் கடிதம் இதை "வேண்டுமென்றே ஒத்துழைக்காமை" என்கிறது. அந்தச் சொற்களைத் திரும்பப் பெறும்படி கேட்கிறேன்.

5. அவிழ்த்த மாடுகள் குகதாசன் என்பவரின் பயற்றங்கொடித் தோட்டத்துக்குள் இறங்கியதும், தார் றோட்டில் பேருந்துகளை மறித்து நின்றதும் உண்மை. குகதாசன் தன் மாடுகளையும் அவிழ்த்தவர். ஆகவே அவர் இன்றுவரை என் மீது புகார் எழுதவில்லை. எழுதியது தாங்கள். அன்றைக்குக் கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர்கள் நால்வர் வந்து நின்றார்கள் என்பதையும், அவர்கள் முன்னால் தங்கள் ஒத்திகையை மாடுகள் கலைத்துவிட்டன என்பதையும் நான் அறிவேன். அந்த வெட்கத்தை மறைக்கத் தாங்கள் அந்த இடத்திலேயே ஒரு புதிய கட்டத்தைச் சேர்த்தீர்கள். வெளியில் நிற்கும் மாடுகள் எல்லாம் "மாசடைந்தவை" என்றீர்கள். கைக்கு அகப்பட்ட ஏழு மாடுகளுக்கு முதுகில் சிவப்புப் பெயின்ற் அடித்து, உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றி, தாங்கள் வாடகைக்கு எடுத்த கம்பிவேலி வளவுக்குக் கொண்டுபோனீர்கள்.

அந்த ஏழில் ஆறு மாடுகள் அன்று பின்னேரமே வீடு திரும்பின. என்னுடையது திரும்பவில்லை. காரணம், ஏழு மாடுகளில் காதில் இலக்கத் தகடு உள்ளது சுட்டி ஒன்றுக்குத்தான். மாடுகளைப் பதிவுசெய்யும்படி அரசாங்கம் கேட்டபோது, ஊரார் அலுப்பும் பஞ்சியும் பார்த்து நிற்க, முதல் ஆளாகப் போய்ப் பதிந்தவள் நான். இலக்கம் இல்லாத மாடுகளை எழுத வழியில்லை என்று விட்டுவிட்டார்கள். இலக்கம் உள்ள மாட்டைக் கணினியில் ஏற்றினார்கள். ஒத்திகைத் திட்டத்தின்படி மாசடைந்த கால்நடைக்கு ஒரே முடிவு அழித்தல். ஆகவே "அழிக்கப்பட்டது" என்று பதிந்தார்கள். சட்டத்துக்கு அடங்கி நடந்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு இது.

6. தங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை வந்தேன். முதல் நாள் தாங்கள் கூட்டத்தில் இருந்தீர்கள். இரண்டாம் நாள் உத்தியோகத்தர் தர்சிகா என்ற பிள்ளை கணினியைத் திருப்பியே காட்டினார். "அன்ரி, அழிச்சாச்சு எண்டு கிடக்கு. அழிச்ச மாட்டை விடுவிக்கிறதுக்கு எங்களிட்டைப் படிவம் இல்லை" என்றார். அந்தப் பிள்ளையின் முகத்தில் வெட்கம் இருந்தது. அவரைக் குறை சொல்லமாட்டேன். மூன்றாம் நாள் தாங்களே என்னைச் சந்தித்தீர்கள். நிற்க வைத்தே கதைத்தீர்கள். "ஒத்திகை எண்டு தெரியாதா? ஏன் மாட்டை அவிட்டனீங்கள்?" என்று கேட்டீர்கள். நான் வாய் திறக்க முதல் தொலைபேசி அடித்தது. தாங்கள் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். மேலே நான்காம் பந்தியில் உள்ளதுதான் நான் அன்று சொல்ல வந்த பதில்.

7. இனி இம்மனுவின் அவசரம். அந்த வளவைக் காவல் காப்பவர் குருநகரைச் சேர்ந்த அடைக்கலநாதன். "அக்கா, மாடு உயிரோடைதான் நிக்குது. புத்தகத்திலைதான் செத்துப் போச்சு" என்று எனக்குச் சொல்லியனுப்பியவர் அவரே. பாவம், வலை இழுத்த கை. பால் கறந்து அறியாது. முதல் மூன்று நாளும் நான் கம்பிவேலிக்கு வெளியே நின்று, பெருவிரலை எப்படி மடிக்க வேண்டும், எந்தக் காம்பை முதலில் பிடிக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவர் உள்ளே குந்தியிருந்து கறந்தார். இரண்டு முறை உதை வாங்கினார். கறந்த பாலை நிலத்தில் ஊற்றினோம். நான்காம் நாள் "மாசடைந்த வலயத்துக்கு" அருகில் பொதுமக்கள் வரக்கூடாது என்று தங்கள் கையெழுத்தில் ஓர் அறிவித்தல் வேலியில் தொங்கியது. அதன் பிறகு அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இல்லாத நஞ்சுக்குப் பயந்து இருக்கிற மாட்டைக் கொல்கிறீர்கள்.

நேற்று வீதியோரமாக நின்றுதான் பார்த்தேன். சுட்டியின் பின் இடது காம்பு வீங்கிச் சிவந்திருக்கிறது. மடிநோய் பிடித்தால் அந்த மடி திரும்பாது. கன்றுக்கு அயல்வீட்டுப் பாலைப் போத்தலில் பருக்குகிறேன். பாதி குடிக்கிறது, பாதியைத் தள்ளிவிடுகிறது. இன்னும் ஒன்று கண்டேன். அதைப் பனங்குற்றியில் இரண்டு முழக் கயிற்றில் கட்டியிருக்கிறீர்கள்.

8. தங்கள் அறிவியலோடு எனக்குச் சண்டை இல்லை. அவிழ்த்த மாடு நஞ்சு படிந்த புல்லை மேயும், அதன் பால் பிள்ளைகளுக்கு ஆகாது என்றால், நான் செய்தது பிழையாகவே இருக்கலாம். பாலை ஊற்றச் சொன்னால் ஊற்றுவேன். ஆனால் நாங்கள் பேருந்தில் போன பிறகு கறப்பது யார்? தண்ணீர் வைப்பது யார்? இரண்டு நாளா, ஆறு மாதமா என்று எங்களுக்குச் சொல்லப்போவது யார்? தங்கள் நாற்பத்தெட்டுப் பக்கத் திட்டத்திலும் மாட்டுக்கு அதே நான்கு வரி. அந்த நான்கிலும் இதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் நாங்கள் பழையபடி கயிற்றைத்தான் அவிழ்ப்போம். கொழும்பிலிருந்து நானூறு பேர் வந்து மதிப்பிட்டாலும் அவிழ்ப்போம்.

ஆகவே கால்நடை வைத்தியரையும் மாடு வளர்ப்பவர்களையும் இருத்திவைத்து அந்தப் பகுதியைப் புதிதாக எழுதவும். மாடுகளைச் சேர்க்க ஒரு வளவு, மூடிய தண்ணீர்த் தொட்டி, பொலித்தீன் மூடிய வைக்கோல், போய்ப் பார்க்கும் ஆட்களின் பெயர். இவ்வளவும் வேண்டும். முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

9. அதற்கு முன் என் பசு வேண்டும். எதிர்வரும் 03.07.2025 வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கன்றையும் கூட்டிக்கொண்டு அந்த வளவின் படலைக்கு வருவேன். விடுவிக்கப் படிவம் இல்லையென்பது எனக்குத் தெரியும். படிவம் கேட்டு வரவில்லை. படலையைத் திறந்து கயிற்றை அவிழ்த்து விடச் சொல்லுங்கள். கன்று கத்தினால் மிச்சத்தைச் சுட்டி பார்த்துக்கொள்ளும். கணினியில் அது செத்தபடியே கிடக்கட்டும்.

விடவில்லையென்றால் இதையும் என் விளக்கத்தோடு தங்கள் அலுவலகக் கோவையில் சேர்த்துக்கொள்ளவும். அடுத்த முறை சைரன் ஊதும்போது, அது ஒத்திகையோ உண்மையோ, சுட்டி அந்தக் குற்றியில் கட்டப்பட்டு நின்றால் நான் பேருந்தில் ஏறமாட்டேன். அந்த வளவுக்குத்தான் வருவேன். ஒரு பசுவைக் கட்டிவைத்துவிட்டு ஒருமுறை போயிருக்கிறேன். இன்னொரு முறை போகமாட்டேன்.

இடம்: நாவலடிப்புலம்
திகதி: 30.06.2025

தங்கள் பதிவேட்டில் உயிரோடு இல்லாத ஒரு பசுவின் சொந்தக்காரி,
(ஒப்பம்) கு. சீவரத்தினம்

இணைப்பு: துண்டுப்பிரசுரம், சுட்டியின் பதிவு அட்டைப் பிரதி, 29.06.2025 அன்று வீதியிலிருந்து எடுத்த படம், மாடு நிற்பது தெளிவாகத் தெரிகிறது.